கள்ளனும் வன்முறையாளனும்: சட்டம் வரைந்த கோடு பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

1

1995 நவம்பரில் கலிபோர்ணியாவில் ஒருவர் இரண்டு கே-மார்ட் கடைகளிலிருந்து ஒன்பது வீடியோ நாடாக்களைக் களவெடுத்தார். முதற் கடையில் ஐந்து, இரு கிழமைகளின் பின் இன்னொரு கடையில் நான்கு. மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 153 டொலர். அவருக்குக் கிடைத்தது ஐம்பது வருடம் முதல் ஆயுள்வரையான சிறை. 2000ஆம் ஆண்டில் அதே மாநிலத்தில் இன்னொருவர், ஒவ்வொன்றும் 399 டொலர் பெறுமதியான மூன்று கொல்ஃப் மட்டைகளைக் காற்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடையைவிட்டு வெளியேறினார். அவருக்கு இருபத்தைந்து வருடம் முதல் ஆயுள்வரை. 2003 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், இவ்விரு தண்டனைகளிலும் தலையிட மறுத்தது. சட்ட நூல்களில் இவை அன்ட்ராடே வழக்கு, யூவிங் வழக்கு எனப்படுகின்றன.

இவ்வழக்குகளைப் பற்றி எழுதியவர்களிற் பெரும்பாலானோர் தண்டனையின் கொடூரத்தைப் பற்றியே எழுதினார்கள். அது நியாயமானதே. ஆனால் என் கேள்வி வேறு. 1994இல் கலிபோர்ணியா நிறைவேற்றிய 'மூன்று அடி' சட்டம் எல்லாக் களவுகளுக்கும் ஆயுட்தண்டனை தரவில்லை. முன்னர் 'பாரதூரமான' அல்லது 'வன்முறைசார்' குற்றம் புரிந்தவர்களையே அது பிடித்தது. எனவே இந்த இருவரும் முன்பு என்ன செய்திருந்தார்கள், அதை வன்முறையோடு ஒரே பட்டியலில் வைத்தது யார் என்பதே முதலில் கேட்கப்படவேண்டியது. அன்ட்ராடேயின் கணக்கில் இருந்தவை ஆட்கள் குடியிருந்த வீடுகளில் நடந்த வீடுடைப்புகள். யூவிங்கின் கணக்கில் வீடுடைப்புகளும் ஒரு கொள்ளையும்.

வன்முறைக் குற்றம், சொத்துக் குற்றம் என்ற பிரிவினையை நாம் இயற்கையானதொன்றாக எடுத்துக்கொள்கிறோம். முன்னையது உடலுக்கு எதிரானது, பின்னையது உடைமைக்கு எதிரானது என்று பாடப்புத்தகம் சொல்லும். மாநிலங்களின் குற்றவியற் சட்டக்கோவைகளைத் திறந்து பார்த்தால், அந்தக் கோடு அந்த இடத்தில் வரையப்படவில்லை என்பது தெரிகிறது. அமெரிக்காவில் குற்றவியற் சட்டம் பெரும்பாலும் மத்திய அரசின் விடயமன்று, மாநிலங்களின் விடயம். எனவே ஐம்பது கோவைகள், ஐம்பது கோடுகள். அவற்றுள் முக்கியமாகக் கலிபோர்ணியாவையும் டெக்சாசையும் எடுத்துக்கொள்கிறேன்.

2

முதலில் வீடுடைப்பு. பழைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் இக்குற்றத்துக்குக் கறாரான ஐந்தாறு உறுப்புகள் இருந்தன. உடைக்க வேண்டும், உள்ளே புகவேண்டும், அது பிறர் குடியிருக்கும் வீடாயிருக்க வேண்டும், இரவாயிருக்க வேண்டும், உள்ளே பெருங்குற்றம் புரியும் எண்ணம் இருக்கவேண்டும். ஒரு குடும்பம் உறங்கிக்கொண்டிருக்கையில் இருட்டில் ஒருவன் கதவைப் பெயர்ப்பது என்ற காட்சியே இந்த வரைவிலக்கணத்தின் ஆதாரம். சொத்தைக் காப்பதைவிட உறங்குபவரின் உயிரைக் காப்பதே அதன் நியாயம்.

1872இல் இயற்றப்பட்ட கலிபோர்ணியாவின் தண்டனைக்கோவையின் 459ஆம் பிரிவில் இன்று இவற்றில் என்ன எஞ்சியிருக்கிறது? உடைத்தல் இல்லை. இரவு இல்லை. வீடு என்பது கடை, களஞ்சியம், ஆலை, தொழுவம், கூடாரம், கப்பல், புகையிரதப் பெட்டி, பூட்டிய வாகனம், விமானம், சுரங்கம் என நீண்டுவிட்டது. திருடும் எண்ணத்தோடு உள்ளே நுழைந்தால் போதும், திறந்திருக்கும் கதவால் நுழைந்தாலும் போதும். இதனால் பட்டப்பகலில் பேரங்காடிக்குள் களவெண்ணத்தோடு நுழைந்தவனும் சட்டத்தின் கண்ணில் வீடுடைத்தவன் ஆனான். 2014இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 47ஆம் இலக்கப் பிரேரணைதான், 950 டொலருக்கு மேற்படாத கடைக்களவை இதிலிருந்து பிரித்துச் சிறுகுற்றமாக்கியது.

ஆட்கள் வசிக்கும் வீட்டினுள் நுழைவது முதலாந்தர வீடுடைப்பு. 'வசிக்கும்' என்பதற்குச் சட்டம் தரும் பொருள், வசிப்பதற்குப் பயன்பாட்டில் உள்ள என்பதே. அந்த நேரத்தில் உள்ளே ஆள் இருக்கவேண்டியதில்லை. ஆக, வீட்டார் வேலைக்குப் போயிருக்கையில் பின்கதவால் நுழைந்து வானொலிப் பெட்டியைத் தூக்கியவனும் 'பாரதூரமான குற்றம்' பட்டியலுக்குள் வருகிறான், மூன்று அடிகளில் ஒரு அடி அவன் பெயரில் எழுதப்படுகிறது. காட்சி மறைந்துவிட்டது, காட்சி தந்த பயம் மட்டும் சட்டத்தில் தங்கிவிட்டது.

கொள்ளை என்பது இக்கோட்டின் மேலேயே நிற்கும் குற்றம். பலத்தாலோ அச்சத்தாலோ ஒருவரிடமிருந்து பொருளைப் பறிப்பது அது. இங்கும் வரைவிலக்கணம் நீள்கிறது. கலிபோர்ணியாவின் 1983ஆம் ஆண்டு எஸ்ரிஸ் தீர்ப்பின்படி, பொருளை எடுக்கும்போது பலம் பாவிக்கத் தேவையில்லை. எடுத்துக்கொண்டு வெளியே வந்தபின், தடுக்கும் காவலாளியிடமிருந்து தப்ப முயலும்போது பாவித்தாலும் அது கொள்ளையே. அந்த வழக்கில் கத்தி காட்டப்பட்டது உண்மை. ஆனால் அது நிறுவிய விதி கத்தியோடு நிற்கவில்லை. காவலாளியைத் தள்ளிவிட்டு ஓடுபவனும் இன்று அதற்குள் வரக்கூடும்.

3

இனிப் பட்டியலின் மறுபக்கத்தைப் பார்ப்போம். கலிபோர்ணியாவின் 'வன்முறைசார் பெருங்குற்றங்கள்' எவை என்பது 667.5ஆம் பிரிவில் உள்ளது. எந்தக் கொள்ளையும் அதில் உண்டு. ஆள் இருக்கும்போது நடந்த வீடுடைப்பு உண்டு. ஆனால் மனைவியையோ துணையையோ அடித்துக் காயப்படுத்துதல் என்ற குற்றம் அதில் தன் பெயரோடு இல்லை. பாரிய காயம் விளைந்தது எனத் தனியாகக் குற்றஞ்சாட்டி நிரூபித்தால் மட்டுமே அது உள்ளே வருகிறது. சிறுவரைப் பாலியல் வியாபாரத்துக்காகக் கடத்துவது 2023இல் இயற்றப்பட்ட சட்டம்வரை 'பாரதூரமான' பட்டியலில்கூட இருக்கவில்லை. கணவன் மனைவியைப் பலாத்காரம் செய்தல் 1979வரை குற்றமாகவே கொள்ளப்படவில்லை. அதன் பின்னரும் 2021இல் சட்டம் திருத்தப்படும்வரை, ஏனைய பலாத்காரத்திலிருந்து வேறான ஒரு தனிப்பிரிவில் அது வைக்கப்பட்டிருந்தது.

அதாவது, வெளியிலிருந்து வீட்டுக்குள் வருபவன் ஆளில்லாத வீட்டுக்குள் வந்தாலும் பாரதூரமானவன். வீட்டுக்குள்ளேயே இருந்து கையை ஓங்குபவன், எலும்பு முறியும்வரை அப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறான். சட்டம் காப்பது வீட்டில் வாழும் உடல்களையா அல்லது வீட்டின் எல்லையையும் வீட்டுக்காரனையுமா என்று பெண்ணிலைவாதிகள் பல காலமாகக் கேட்டுவரும் கேள்விக்கு, இப்பட்டியலே பதிலாக இருக்கிறது.

இங்கே முற்போக்காளர்களிடமும் எனக்கொரு முரண்பாடு உண்டு. 'வன்முறையற்ற குற்றவாளிகளை விடுதலை செய்' என்பது அமெரிக்கச் சிறைச் சீர்திருத்த இயக்கத்தின் பிரபலமான சுலோகம். 2016இல் கலிபோர்ணியாவில் நிறைவேறிய 57ஆம் இலக்கப் பிரேரணை இதைத்தான் செய்தது: வன்முறையற்ற குற்றத்துக்காகச் சிறையிலிருப்போருக்கு முன்கூட்டியே பரோல் பரிசீலனை. வன்முறையற்றது எது? மேற்சொன்ன பட்டியலில் இல்லாதது எதுவோ அது! இதனால், துணையை அடித்தவன் 'வன்முறையற்றவன்' ஆனான். எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டபோது சீர்திருத்தக்காரரிடம் நேர்மையான பதில் இருக்கவில்லை. அரசு வரைந்த கோட்டைக் கேள்விக்குட்படுத்தாமல், அந்தக் கோட்டின் மேலேயே விடுதலையைக் கட்டப்போனதன் விளைவு இது.

4

இனிக் களவு. களவு என்றால் பிறர் பொருளை எடுப்பது என்று சிறு பிள்ளையும் சொல்லும். சட்டம் அவ்வளவு இலகுவாகச் சொல்லவில்லை. பொதுச்சட்டத்தில் களவு என்பது பிறரின் கைவசம் இருக்கும் பொருளை அவர் சம்மதமின்றி எடுத்துச் செல்வது. கைவசம் என்பதே இங்கு சாவி. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை எடுத்துக்கொண்டால் அது நம்பிக்கைத் துரோகமேயன்றிக் களவன்று. 1473இல் இங்கிலாந்தில் ஒரு வண்டிக்காரர், அந்நிய வணிகர் ஒருவரின் பொதிகளைச் சவுத்தாம்டனுக்குக் கொண்டுசெல்லப் பொறுப்பேற்று, வழியில் பொதிகளை உடைத்து உள்ளிருந்தவற்றை எடுத்துக்கொண்டார். ஒப்படைக்கப்பட்ட பொருளாயிற்றே, இது எப்படிக் களவாகும் என்று நீதிபதிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பொதியை உடைத்த கணத்திலேயே ஒப்படைப்பு முடிந்துவிட்டது, எனவே களவே என்று ஒரு வழி கண்டார்கள். கடல்கடந்த வணிகம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் வணிகரின் தேவைக்கேற்ப வரைவிலக்கணம் எப்படி வளைந்தது என்பதை ஜெரோம் ஹோல் 1935இல் எழுதிய நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1799இல் ஒரு வங்கி எழுதுவினைஞர் வாடிக்கையாளர் கொடுத்த 100 பவுண் நோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தண்டனையிலிருந்து தப்பியபோது, அந்த வருடமே கையாடலைக் குற்றமாக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் வந்துவிட்டது.

வணிகருக்கும் வங்கிக்கும் இவ்வளவு வேகமாக வளைந்த சட்டம் தொழிலாளிக்கு எவ்வளவு காலம் எடுத்தது? முதலாளி சம்பளத்தைக் கொடுக்காவிட்டால் அது கடன், சிவில் வழக்கு. ஏன் களவன்று? கொடுக்கப்படாத சம்பளம் தொழிலாளியின் கைவசம் ஒருபோதும் வந்ததில்லையாம். கைவசம் இல்லாததை எடுக்கமுடியாதாம். உழைப்பைக் கொடுத்தாகிவிட்டது என்பது இந்தத் தர்க்கத்துக்குத் தெரியவில்லை. சம்பளத்தை வேண்டுமென்றே கொடாதிருப்பதைப் பெருங்களவு என்று தெளிவாகச் சொல்லும் பிரிவு கலிபோர்ணியாவின் தண்டனைக்கோவைக்கு 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது: பன்னிரண்டு மாதங்களுக்குள் ஒரு தொழிலாளியிடம் 950 டொலருக்கு மேல், அல்லது இருவர் அல்லது பலரிடம் மொத்தம் 2,350 டொலருக்கு மேல். கோவை எழுதப்பட்டு 150 வருடங்கள்!

இது சில்லறைக் காசு விவகாரமன்று. அமெரிக்காவின் சனத்தொகை மிகுந்த பத்து மாநிலங்களில் அடிப்படைச் சம்பள விதிமீறலால் மட்டும் தொழிலாளர் இழப்பது வருடத்துக்கு 800 கோடி டொலர் என்று பொருளாதாரக் கொள்கை நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் வேலைமாற்றத்தின்போது உடுப்பு மாற்றவும் இயந்திரத்தைக் கையளிக்கவும் செலவாகும் பத்து நிமிடம் நேர அட்டையில் ஏறுவதில்லை. நாளுக்குப் பத்து நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், வருடத்துக்கு ஐம்பது கிழமை என்று கூட்டினால் ஏறத்தாழ நாற்பத்திரண்டு மணித்தியாலம். ஒரு முழுக் கிழமைச் சம்பளம். ஐந்நூறு பேர் உள்ள இடத்தில் ஐந்நூறு கிழமைகள். இதே தொழிற்சாலையின் களஞ்சியத்திலிருந்து ஒரு துளைகருவியைக் கொண்டுபோனவரைப் பிடிக்கப் பொலிஸ் வந்தது. நேர அட்டைக்காகப் பொலிஸ் வந்து நான் கண்டதில்லை.

யார் சட்டத்தை எழுதினார்கள் என்று அறிய டெக்சாசின் கோவை இன்னும் சுவாரசியமானது. அங்கே 2015இல் செய்த திருத்தத்தின் பின், பொதுவாக 2,500 டொலருக்குக் குறைந்த களவு சிறுகுற்றம். ஆனால் பத்துக்குக் குறைந்த ஆடுகளையோ பன்றிகளையோ களவெடுத்தால், பெறுமதி எவ்வளவு குறைவென்றாலும், அது பெருங்குற்றம். மாடு, குதிரை என்றால் அதற்கும் மேலான தரம்: இரண்டு முதல் பத்து வருடம்வரை சிறை. மேய்ச்சல் நிலச் சொந்தக்காரர் சட்டசபையை நிரப்பியிருந்த காலத்தின் குளம்படி இன்னும் சட்டத்தில் பதிந்திருக்கிறது. 1842இல் றைன்லாந்துக் காடுகளில் விழுந்த விறகைப் பொறுக்குவதைக் களவாக்கிய விவாதங்கள் பற்றி இளம் மார்க்ஸ் எழுதிய கட்டுரைகளை வாசித்தவர்களுக்கு இது புதினமாயிராது.

தொகை எல்லை என்பதும் பழைய கதைதான். 1275ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் 12 பென்சுக்கு மேற்பட்டால் பெருங்களவு, அதற்குத் தண்டனை தூக்கு. பணத்தின் பெறுமதி வீழ்ந்தது, எல்லை அசையவில்லை. பிற்காலத்தில் ஜூரிகள் மனமிரங்கி, விலையுயர்ந்த பொருளையும் எல்லைக்குக் கீழே மதித்துப் பல உயிர்களைக் காத்தார்கள். 950 டொலர் எல்லைக்கு முன்னால் அவ்வாறு மனமிரங்கும் வாய்ப்பு, கடையின் விலைச்சீட்டுக் காலத்தில் யாருக்கும் இல்லை.

5

உடலுக்கு வருவோம். 1983 பெப்ரவரியில் இலினோய் மாநிலத்தில், பாவித்த எக்ஸ்றே படச்சுருள்களிலிருந்து சயனைட் மூலம் வெள்ளியைப் பிரித்தெடுக்கும் ஃபிலிம் றிக்கவறி சிஸ்ரம்ஸ் என்ற தொழிற்சாலையில், போலந்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி சயனைட் ஆவியால் மாண்டார். அங்கு வேலைசெய்தோரிற் பெரும்பாலானோர் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத, பத்திரமில்லாத குடியேறிகள். கொள்கலன்களில் இருந்த மண்டையோட்டு எச்சரிக்கைச் சின்னம் அழிக்கப்பட்டிருந்தது. 1985இல் நிறுவனத்தின் மூவர் கொலைக்குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். தொழிற்சாலை மரணத்துக்குக் கொலைத்தீர்ப்பு என்பது அந்நாட்டில் பெரும் அதிர்வை ஏற்படுத்தியது. 1990இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகக் கூறி அவற்றை இரத்துச் செய்தது. 1993இல் அது மனமறியா மரணம் விளைவித்தல் என்ற குற்ற ஒப்புதலோடு முடிந்தது. இதுவும் அபூர்வமான வழக்கு. வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறித் தொழிலாளியின் மரணத்துக்குக் காரணமாகும் முதலாளிக்கு 1970ஆம் ஆண்டின் மத்திய சட்டம், முதற் தடவைக்கு, ஆகக் கூடியது ஆறு மாதச் சிறையையே விதிக்கிறது.

இதற்கெதிர்ப் பக்கத்தில் டெக்சாஸ் கோவையின் 9.42ஆம் பிரிவை வைத்துப் பாருங்கள். இரவில் நடக்கும் களவைத் தடுக்க, அல்லது களவெடுத்த பொருளோடு ஓடுபவனை நிறுத்த, வேறு வழியில் பொருளைக் காக்கவோ மீட்கவோ முடியாது என நியாயமாக நம்பினால், ஒருவர் உயிர்கொல்லும் பலத்தைப் பிரயோகிக்கலாம். உயிருக்கு ஆபத்து இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இங்கே கட்டாயமில்லை. 2007 நவம்பரில் அம்மாநிலத்தின் பசடீனா நகரில் ஒருவர் அயல்வீட்டை உடைத்த இருவரைச் சுட்டுக் கொன்றார். வெளியே போகவேண்டாம் என அவசரத் தொலைபேசியில் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருந்தது. இறந்த இருவரும் கொலம்பியாவிலிருந்து வந்த குடியேறிகள். 2008இல் கிராண்ட் ஜூரி அவர்மீது குற்றஞ்சாட்ட மறுத்தது. பொருளைக் காக்க உயிரை எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கும்போது, 'உடலுக்கு எதிரானது', 'உடைமைக்கு எதிரானது' என்ற பாடப்புத்தகப் பிரிவினைக்கு என்ன அர்த்தம்?

6

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். 'களவெடுக்காதவனுக்கு ஏன் பயம்?' என்பது எம்மவர் கூடுமிடமெல்லாம் கேட்கும் வாக்கியம். அவர்களுக்காகவே இந்தப் பகுதி.

அமெரிக்காவில் அகதியோ நிரந்தர வதிவிடம் பெற்றவரோ குற்றத்தீர்ப்புப் பெற்றால், இரண்டாவது தண்டனையொன்று காத்திருக்கிறது. 1988இல் மத்திய சட்டம் 'கடுமையாக்கப்பட்ட பெருங்குற்றம்' என்றொரு வகையை உருவாக்கியது. 1996இல் அதை அகட்டினார்கள். களவுக்கோ வன்முறைக் குற்றத்துக்கோ ஒரு வருடத் தண்டனை விதிக்கப்பட்டாலே போதும். தண்டனை ஒத்திவைக்கப்பட்டு ஒருநாள்கூட மறியலில் இராவிட்டாலும் அந்த வருடம் கணக்கில் வரும். மாநிலம் சிறுகுற்றம் என்று சொன்னதும்கூட இவ்வாறு 'கடுமையாக்கப்பட்ட பெருங்குற்றம்' ஆகலாம். இந்த முத்திரை விழுந்தால் அரசியற் தஞ்சம் கோரும் உரிமை போய்விடும். கலிபோர்ணியா 2014இல் இயற்றிய சட்டத்தால் சிறுகுற்றங்களுக்கான உச்சத் தண்டனையை 365 நாளிலிருந்து 364 நாளாகக் குறைத்தது இதனாற்தான். ஒரு நாளில் ஒரு குடும்பத்தின் நாடு தொங்குகிறது.

மாநில வரைவிலக்கணங்களின் அகலம் சில வேளை எதிர்பாராத வகையிலும் வேலை செய்திருக்கிறது. 2013இல் உச்ச நீதிமன்றம், கலிபோர்ணியாவின் வீடுடைப்பில் சட்டவிரோத நுழைவே தேவையில்லாதபடியால், மத்திய சட்டம் கருதும் வீடுடைப்புக்குள் அது அடங்காது என்றது. 2018இல் பிலிப்பைன்சிலிருந்து சிறுவயதில் வந்த டிமாயா என்பவரின் வழக்கில், வீடுடைப்பை 'வன்முறைக் குற்றம்' எனக் கருத உதவிய வாசகமே தெளிவற்றது என நீக்கப்பட்டது. இன்னொருவரை நாடுகடத்துமளவுக்குப் பாரதூரமான ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அதை எழுதிய அரசாலேயே சொல்ல முடியவில்லை.

ஆனால் காற்று மறுபடி மாறிவிட்டது. 2025 ஜனவரியில் நிறைவேறிய லேக்கன் றைலி சட்டம், முறையான அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவர் வீடுடைப்பு, களவு, கடைக்களவு போன்றவற்றுக்காகக் கைதுசெய்யப்பட்டாலே, குற்றம் நிரூபிக்கப்படுமுன்னரே, தடுத்துவைப்பதைக் கட்டாயமாக்குகிறது. களவு என்றால் என்ன என்பதற்கு, சம்பவம் நடந்த இடத்தின் சட்டம் தரும் பொருளையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மெக்சிக்கோ எல்லையால் நடந்துவந்து தஞ்சம் கேட்டிருக்கும் தமிழ் இளைஞன் ஒருவனை, கடையில் ஏதோ சந்தேகத்தில் பிடித்தால் என்ன ஆகும் என்பதை 'களவெடுக்காதவனுக்கு ஏன் பயம்?' என்று கேட்பவர்கள் யோசிக்கட்டும். அங்கே களவெடுத்தானா என்ற கேள்விக்கு முன்னரே மறியற் கதவு பூட்டப்பட்டுவிடுகிறது.

7

மறுதரப்பின் நியாயத்தையும் மறைக்கக்கூடாது. வீடுடைக்கப்பட்டவர்களின் வலி பொய்யன்று. களவுபோன நகையைவிட, யாரோ நம் அலுமாரியைக் கிளறினான் என்ற நினைப்பு நீண்டகாலம் உறக்கத்தைக் கெடுக்கும். கடைக்களவால் முதலில் சாய்வது பெரிய கம்பனி அல்ல, மூலைக்கடை. எம்மவரிலும் மூலைக்கடைக்காரர் பலர். 2024 நவம்பரில் கலிபோர்ணிய வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினர், திரும்பத் திரும்பக் களவெடுப்போரைத் தொகை பாராது பெருங்குற்றவாளிகளாக்க இடமளிக்கும் பிரேரணையை ஆதரித்தார்கள். இவர்கள் அனைவரையும் பிற்போக்குவாதிகள் என்று ஒதுக்கிவிட்டுக் கள்ளனை வர்க்கப் போராளியாகச் சித்திரிக்கும் எழுத்துகள் எமது சஞ்சிகைகளிலும் வந்திருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழையிடம் களவெடுப்பவனும் பெரும்பாலும் ஏழைதான். பறிபோவதும் ஏழையின் பொருள்தான்.

நான் சொல்வது, சட்டம் தன் சொற்களுக்கு உண்மையாய் இருக்கவேண்டும் என்பதே. வன்முறை என்று எழுதினால், அடித்தவன் கணவனா, முதலாளியா, அந்நியனா என்று பாராமல் அடிபட்ட உடலைப் பார்க்கவேண்டும். ஆளில்லா வீட்டில் புகுந்தவனுக்குத் தண்டனை வேண்டும். ஆனால் அதை உறங்குபவர் கழுத்தில் கத்தி வைத்தவனோடு சேர்த்து எழுதக்கூடாது. களவு என்று எழுதினால் துளைகருவியும் நேர அட்டையும் ஒரே பிரிவில் வரவேண்டும். குற்றத்துக்கு ஒருவர் சிறை போய் வந்தபின், அதே சொல்லைத் தூக்கிக்கொண்டு குடிவரவு அதிகாரி இரண்டாவது தடவை கதவைத் தட்டக்கூடாது.

அமெரிக்காவில் மட்டுமல்ல, கனடாவிலும் ஐரோப்பாவிலும் எம்மவருக்கான சட்ட உதவிக் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் எந்தக் குற்றத்தீர்ப்பு, எத்தனை மாதத் தண்டனை, வதிவிட உரிமையைப் பறிக்கும் என்ற ஒரு பக்க விபரத்தையாவது தமிழில் அச்சிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுமுன் அந்தப் பிள்ளைகளின் கைகளில் சேர்ப்பது அவர்களால் முடியாததன்று. அந்தந்த நாடுகளின் சட்டம் தெரிந்தவர்கள் அடுத்த இதழ்களில் இதைத் தொடர்ந்து எழுதவேண்டும். இங்கே நான் சொன்னவற்றோடு முரண்படுபவர்களும் எழுதவேண்டும்.